குண்டு நுழைந்த இடத்தில் இல்லையென்றால் எங்கே தேடுவது

வயிற்றில் குண்டு பாய்ந்து ஒருவர் வருகிறார். முன்பக்கம் ஒரே ஒரு துளை, முதுகைத் திருப்பிப் பார்த்தால் ஒன்றும் இல்லை, வயிற்று எக்ஸ்ரேயிலும் குண்டைக் காணவில்லை. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் குண்டு ரத்தக்குழாய்க்குள் விழுந்து, ரத்த ஓட்டத்தோடு வேறெங்கோ போயிருக்கலாம் என்று உடனே சந்தேகப்பட வேண்டும். இதற்குப் புல்லட் எம்போலிசம் என்று பெயர். குண்டுக்குப் பதிலாகப் பால்ரஸோ, பீரங்கி செல் துண்டோ, வெடித்துச் சிதறிய கண்ணாடியோ மரச்சில்லோ போனாலும் விஷயம் இதேதான்.

அரிதான ஒன்று, அதில் சந்தேகமில்லை. 1834-ல் தாமஸ் டேவிஸ் என்ற மருத்துவர் எழுதிய குறிப்புதான் இதில் முதலாவது என்று சொல்வார்கள்; ஒரு சிறுவனின் உடலில் பாய்ந்த மரத்துண்டு இதயத்தின் வலது கீழறையில் கிடந்தது. வியட்நாம் போரில் ரத்தக்குழாய்க் காயங்களைத் தொகுத்த அமெரிக்கப் பதிவேட்டில் சுமார் 7500 காயங்களில் 22 பேருக்குத்தான் இது இருந்தது. ஆனால் அரிதாக இருப்பதால்தான் இது தவறிப்போகிறது, தவறினால் ஒருவர் கால் போகலாம், பேச்சு போகலாம், உயிரும் போகலாம். அதனால்தான் இரவு டியூட்டியில் தனியாக நிற்கும் ஹவுஸ் சர்ஜன், பி.ஜி., ஸ்டாஃப் நர்ஸ், எக்ஸ்ரே டெக்னீஷியன் எல்லோரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கடைசிப் பகுதி மட்டும் உடம்புக்குள் துண்டுகளோடு வாழ்கிறவர்களுக்கானது, அவர்கள் நேராக அங்கே போய்விடலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூச்சுப்பாதை, மூச்சு, ரத்தக்கசிவு இவற்றைக் கவனித்த பிறகுதான் இந்தத் தேடல். ரத்தம் கொட்டி பிரஷர் இறங்கிக்கொண்டிருக்கும் ஒருவரைக் குண்டு எங்கே என்று தெரிந்துகொள்வதற்காக ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகக் கூடாது, அவர் போக வேண்டிய இடம் ஆபரேஷன் தியேட்டர்.

எந்தக் குண்டு குழாய்க்குள் தங்கும்

வேகமாக வரும் ரைஃபிள் குண்டு ரத்தக்குழாயின் ஒரு சுவரில் நுழைந்து மறு சுவரையும் கிழித்துக்கொண்டு போய்விடும். குழாய்க்குள் தங்க வேண்டுமானால் வரும் பொருள் சின்னதாக இருக்க வேண்டும், அதோடு முதல் சுவரைத் துளைப்பதிலேயே அதன் வேகம் தீர்ந்துபோக வேண்டும். அதனால் பாயிண்ட் 22 குண்டு, நாட்டுத்துப்பாக்கியின் பால்ரஸ், ஏர்கன் பெல்லட், தூரத்திலிருந்து வந்து தைத்த வெடிச்சிதறல், எலும்பில் பட்டு வேகம் குறைந்த பிஸ்டல் குண்டு, இவை எல்லாம் சந்தேகத்துக்குரியவை. கிளைமோர் கண்ணிவெடியை எடுத்துக்கொள்ளுங்கள்: அமெரிக்க வகையில் சுமார் 700 எஃகு உருண்டைகள், ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். வழவழப்பான, உருண்டையான, சிறிய பொருள் என்பதால் ஒரு பெரிய சிரைக்குள் விழுந்தால் எங்கும் சிக்காமல் இதயம் வரை போகக் கூடியது.

இன்னொரு வழியும் உண்டு. குழாய்க்குப் பக்கத்தில் தங்கிய துண்டு நாட்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் சுவரை அரித்து உள்ளே விழலாம். ஆகவே முதல் நாள் எக்ஸ்ரேயில் குண்டு சரியான இடத்தில் இருந்தது என்பதை வைத்து மட்டும் கோப்பை மூடிவிட முடியாது.

வெடிகாயத்தில் காற்று எம்போலிசமும் வரும் என்பதை இங்கேயே பிரித்துச் சொல்லிவிட வேண்டும். வெடிப்பின் அழுத்த அலை நுரையீரலைக் கிழித்தால், காற்றுக்குமிழி நுரையீரல் சிரை வழியாக இடது இதயத்துக்கும் மூளைக்கும் போகும். அறிகுறி ஒன்றுபோல இருக்கும், சிகிச்சை முற்றிலும் வேறு. எக்ஸ்ரேயிலோ சி.டி.யிலோ உலோகம் தெரிகிறதா என்று பார்த்தால் இரண்டையும் பிரிக்க முதல் தடயம் கிடைத்துவிடும்.

கணக்கு ஒத்துப்போகிறதா

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான், இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. உடம்பிலுள்ள குண்டுத் துளைகளின் எண்ணிக்கையையும் எக்ஸ்ரேயில் தெரியும் குண்டுகளின் எண்ணிக்கையையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை இரட்டைப்படையாக வர வேண்டும். ஒரு துளை, ஒரு குண்டு என்றால் இரண்டு, சரி. இரண்டு துளை, குண்டு இல்லை, அதுவும் சரி. குண்டு கையைத் துளைத்து வெளியே வந்து மறுபடி மார்பில் நுழைந்திருந்தால் மூன்று துளை, ஒரு குண்டு, மொத்தம் நான்கு, அதுவும் சரி. ஒற்றைப்படை வந்தால் ஒரு துளையையோ ஒரு குண்டையோ நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

முதலில் துளையைத் தேடுங்கள், ஏனென்றால் பெரும்பாலும் தவறுவது அதுதான். உடைகளை முழுவதுமாக வெட்டி எடுத்துவிட்டு, அக்குள், தலைமுடிக்குள், வாய்க்குள், மார்பகத்தின் அடியில், தொடை இடுக்கு, ஆசனவாய்ப் பகுதி, பிட்டத்தின் மடிப்பு என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். முதுகைப் பார்க்க நோயாளியை ஒரே கட்டாகத் திருப்புங்கள். அப்போது ரத்தக்கறையைத் துடைத்துவிட்டுப் பாருங்கள், காய்ந்த ரத்தத்துக்கு அடியில் சிறு துளை சுலபமாக ஒளிந்துகொள்ளும். துளைகள் எல்லாவற்றையும் பார்த்த பிறகும் கணக்கு உதைத்தால் குண்டைத் தேடப் போங்கள்.

இந்தக் கணக்கு எல்லா இடத்திலும் உதவாது. பால்ரஸ் தோட்டாவிலும் வெடிகாயத்திலும் நூற்றுக்கணக்கில் துண்டுகள் இருக்கும்போது யாராலும் எண்ண முடியாது. 2016-ல் காஷ்மீரில் பெல்லட் துப்பாக்கியால் சுடப்பட்டவர்களின் எக்ஸ்ரேக்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அங்கே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: காயங்கள் இருக்கும் பகுதிக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் தனியாக ஒரு துண்டு தெரிகிறதா? காயமெல்லாம் மார்பில், முழங்காலுக்குப் பின்னால் ஒரே ஒரு பால்ரஸ் என்றால், வேறுவிதமாக நிரூபிக்கும்வரை அது தமனிக்குள் இருப்பதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். குண்டு எலும்பில் பட்டு உடைந்திருந்தாலும், முன்பே ஒரு பழைய குண்டு உடம்பில் இருந்தாலும் கணக்கு குழம்பும்; பழைய குண்டு இருக்கிறதா என்று நோயாளியிடமோ உறவினரிடமோ கேட்டு எழுதி வையுங்கள்.

ரத்தம் அதை எங்கே கொண்டுபோகும்

எந்தக் குழாய்க்குள் விழுந்தது என்று ஊகித்தால் எங்கே தேடுவது என்பது தெரிந்துவிடும். இடது இதயம், நுரையீரல் சிரை, பெருந்தமனி இவற்றில் விழுந்தால் தமனிப் பாதை. பெருந்தமனியில் மார்பிலோ வயிற்றிலோ விழுந்தது பெரும்பாலும் கால்களுக்குப் போகும். தொடைத் தமனியிலும் முழங்காலுக்குப் பின்னாலுள்ள தமனியிலும் சிக்கும். இடது இதயத்திலிருந்து கிளம்பியது கழுத்துத் தமனி வழியாக மூளைக்கும் போகலாம். மார்பில் குண்டடி பட்டவர், தலையில் கீறல்கூட இல்லை, ஆனால் ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டது அல்லது பேச்சு குழறுகிறது என்றால் தலைக்கும் கழுத்துக்கும் சேர்த்து, ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ எடுக்க வேண்டும். குடித்திருக்கிறார், அதிர்ச்சியில் இருக்கிறார் என்று தள்ளிப்போடக் கூடாது.

சிரைக்குள் விழுந்தால் பாதை வேறு. காலிலோ இடுப்பிலோ வயிற்றிலோ உள்ள சிரையில் விழுந்தது கீழ்ப்பெருஞ்சிரை வழியாக வலது இதயத்துக்கும் அங்கிருந்து நுரையீரல் தமனிக்கும் போகும். தமனியில் போன குண்டு பெரும்பாலும் சத்தம்போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். சிரையில் போனது பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது, நோயாளி நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார். அதனால் அறிகுறி இல்லை என்பதை வைத்துச் சிரையை ஒதுக்கிவிடாதீர்கள்.

இதோடு முடிந்துவிடவில்லை. ஈயம் கனமானது, சிரையில் ரத்த ஓட்டம் மெதுவானது, ஆகவே குண்டு சில சமயம் ஓட்டத்துக்கு எதிராகவே கீழே இறங்கி ஈரல் சிரையிலோ சிறுநீரகச் சிரையிலோ இடுப்புச் சிரையிலோ போய் உட்காரலாம். நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தாலே அது இடம் மாறலாம். அப்புறம், வலது இதயத்துக்கு வந்தது இதயச் சுவரிலுள்ள ஓட்டை வழியாக இடப்பக்கம் தாண்டித் தமனிப் பாதையில் இறங்கவும் முடியும். பிறப்பில் மூட வேண்டிய அந்தச் சின்னத் திறப்பு பெரியவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு முழுவதும் மூடாமல் இருக்கும், ஆகவே இது நடக்க முடியாத விஷயம் இல்லை. தொடையில் சிரைக் காயம், மூளையில் குண்டு என்று வந்தால் எக்கோவில் (இதய ஸ்கேனில்) அந்த ஓட்டையைத் தேடச் சொல்லுங்கள்.

படம் எடுக்கும் முறை

ஒவ்வொரு துளையின் மேலும் ஒரு உலோக அடையாளம் ஒட்டிவிட்டு எக்ஸ்ரே எடுங்கள். பேப்பர் கிளிப் போதும். முன்பக்கத் துளைக்கு மடித்த கிளிப், பின்பக்கத்துக்கு நிமிர்த்திய கிளிப் என்று ஒரு வழக்கத்தை உங்கள் யூனிட்டுக்குள் பேசி வைத்துக்கொண்டு கேஸ் ஷீட்டிலும் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த ஷிஃப்டில் வருகிறவர் கிளிப்பையே குண்டாக எண்ணிவிடுவார். நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், இரண்டும் வேண்டும். ஒரே கோணத்தில் பார்த்தால் முதுகுத் தசையிலுள்ள குண்டும் பெருந்தமனிக்குள் உள்ள குண்டும் ஒரே இடத்தில்தான் தெரியும்.

காயம் பட்ட பகுதியில் குண்டு இல்லையென்றால் அடுத்த பகுதி, அதற்கடுத்த பகுதி என்று தலையிலிருந்து பாதம் வரை எடுக்க வேண்டும். சி.டி.க்குப் போகிறவராக இருந்தால் இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு: ஸ்கேனுக்கு முன் எடுக்கும் முதல் நீளப் படத்தை வயிற்றோடு நிறுத்தாமல் முடிந்தவரை தலையிலிருந்து கால்வரை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சில நொடிதான் கூடுதலாகும், தேடும் குண்டு அதிலேயே தெரிந்துவிடும். தென்னாப்பிரிக்காவில் இதற்கென்றே லோடாக்ஸ் என்ற கருவி இருக்கிறது, பெரியவர் ஒருவரின் முழு உடலையும் 13 நொடியில் படம் எடுத்துவிடும். முதலில் அதை உருவாக்கியது வைரச் சுரங்கத் தொழிலாளிகள் உடம்பில் ஒளித்து வைரம் கடத்துகிறார்களா என்று பார்க்க. அது துப்பாக்கிக் காயம் நிறைய வரும் கேப் டவுன் போன்ற ஊர்களின் மருத்துவமனைகளுக்குப் போய்ச் சேர்ந்து உயிர் காக்கும் வேலை செய்வது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

மார்புப் படத்தில் குண்டின் ஓரம் மங்கலாக, அசைந்ததுபோல இருந்தால் டெக்னீஷியனைக் குறை சொல்வதற்கு முன் யோசியுங்கள். விலா எலும்புகளின் ஓரம் கூர்மையாகவும் குண்டின் ஓரம் மட்டும் மங்கலாகவும் இருந்தால், குண்டு இதயத்தோடு சேர்ந்து துடித்துக்கொண்டிருக்கிறது. சி-ஆர்ம் (அசைவை நேரடியாகத் திரையில் காட்டும் எக்ஸ்ரே கருவி) கிடைத்தால் அதன் கீழே பார்த்து உறுதி செய்யலாம், எக்கோவும் உதவும். சி.டி.யில் உலோகத்தைச் சுற்றி வரிவரியாக நிழல் விழுவதால் குண்டு குழாய்க்கு உள்ளேயா வெளியேயா என்று சொல்வது சில சமயம் கஷ்டம். இதயத் துடிப்போடு ஒத்திசைத்து எடுக்கும் சி.டி. இதயப் பகுதிக்கு நல்லது. எம்.ஆர்.ஐ. வேண்டாம். ஈயத்தைக் காந்தம் இழுக்காதுதான், ஆனால் உள்ளே இருப்பது ஈயமா எஃகா என்று படத்தைப் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது.

படம் எடுக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நான்கு கைகால்களிலும் நாடியைத் தொட்டுப் பாருங்கள், காயம் படாத காலிலும்தான். கால் சில்லிட்டு, வெளுத்து, வலித்து, உணர்ச்சி குறைந்து, நாடி இல்லாமல் இருந்தால் ரத்த ஓட்டத்தைக் கண்டறியும் கையடக்க டாப்ளரை வைத்துப் பாருங்கள், கணுக்கால் பிரஷரைக் கைப் பிரஷரோடு ஒப்பிடுங்கள். முதல் பரிசோதனையில் நாடி இருந்தாலும் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து நேரத்தோடு எழுதுங்கள், ஏனென்றால் குண்டு நகர்ந்துகொண்டே இருக்கலாம்.

எடுப்பதா, விடுவதா

தமனியில் இருந்தால் விவாதம் அதிகம் இல்லை, எடுக்க வேண்டும். காலில் ரத்தம் நின்று ஆறு மணி நேரம் தாண்டத் தாண்டத் தசை திரும்பி வரும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். வாஸ்குலர் சர்ஜன் இல்லாத மருத்துவமனையில் இருந்தால் எல்லாப் பரிசோதனையும் முடியட்டும் என்று காத்திருக்காமல், நாடி இல்லை என்று கண்டுபிடித்த அந்த நிமிடமே பெரிய மருத்துவமனைக்குப் பேசுங்கள். அறுவை சிகிச்சையில் தமனியைத் திறப்பதற்கு முன் குண்டுக்கு மேலும் கீழும் குழாயைப் பிடித்துக்கொள்வார்கள், இல்லையென்றால் விரல் பட்டதும் அது வழுக்கி மேலே ஓடிவிடும். சேர்ந்து உறைந்திருக்கும் ரத்தக்கட்டியை பலூன் கத்தீட்டரால் எடுப்பார்கள். நேரம் கடந்திருந்தால் கெண்டைக்காலின் உறையைத் திறந்துவிட வேண்டிவரும். குண்டு நுழைந்த ஓட்டையும் ஒன்று இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. குண்டு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைப் போலவே எங்கே நுழைந்தது என்பதும் முக்கியம், ரத்தம் கசிவது அங்கேதான். இந்தக் காரணத்தால், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் கொடுப்பதை வழக்கமான எம்போலிசத்தில் கொடுப்பதைப்போலக் கைப்பழக்கத்தில் தொடங்காதீர்கள், அறுவை சிகிச்சைக் குழுவோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

சிரையில் இருப்பதில்தான் கருத்து வேறுபாடு. அறிகுறி இருந்தால் எடுக்க வேண்டும் என்பதில் எல்லோரும் ஒத்துப்போவார்கள். அறிகுறி இல்லாதவர்களில், 5 மில்லிமீட்டருக்கும் குறைவான, வழவழப்பான, இதயத் தசையில் நன்றாகப் பதிந்துவிட்ட துண்டை விட்டுவிட்டுக் கவனிக்கலாம் என்பது பலர் பின்பற்றும் முறை. அதைவிடப் பெரியது, கூரானது, அறைக்குள் தளர்வாக ஆடிக்கொண்டிருப்பது, அழுக்கான காயத்தின் வழியே போனது இவற்றை எடுப்பது நல்லது. விட்டுவிட்டால் அதன்மேல் ரத்தக்கட்டி படியலாம், கிருமி தொற்றலாம், வால்வு கெடலாம், இதயத் துடிப்பு தாளம் தப்பலாம், நுரையீரலில் ஒரு பகுதி செத்துப்போகலாம். என் கருத்தைக் கேட்டால், பாதுகாப்பாக எடுக்க வழி இருக்கும்போது தளர்வாகக் கிடக்கும் துண்டை இதயத்துக்குள் விட்டுவைக்க மனம் ஒப்பாது.

முன்பு மார்பைத் திறந்துதான் எடுக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ட்வைட் ஹார்கன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் இங்கிலாந்தில் இதயத்திலிருந்தும் அதைச் சுற்றியுள்ள பெரிய குழாய்களிலிருந்தும் 134 துண்டுகளை ஒருவரையும் இழக்காமல் எடுத்தார். இதய அறுவை சிகிச்சை என்ற துறைக்கே அது துணிச்சல் கொடுத்தது. இன்றைக்கு கேத் லேபிலோ இண்டர்வென்ஷனல் ரேடியாலஜியிலோ தொடைச் சிரை அல்லது கழுத்துச் சிரை வழியாகச் சுருக்குக்கம்பியோ கூடையோ அனுப்பிப் பிடிக்க முடிகிறது. இதில் ஒரு எளிய கணக்கை முன்கூட்டியே போட வேண்டும்: ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் குழாய்களின் குறுக்களவை ஃப்ரெஞ்ச் என்ற அலகில் சொல்வார்கள், மூன்று ஃப்ரெஞ்ச் என்பது ஒரு மில்லிமீட்டர். 5.6 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பாயிண்ட் 22 குண்டுக்கே 17 ஃப்ரெஞ்ச் வழி வேண்டும், 9 மில்லிமீட்டர் குண்டுக்கு 27. அவ்வளவு பெரிய வழிக்குழாய் கையில் இல்லாவிட்டால், குண்டைப் பிடித்துத் தொடைச் சிரை வரை இழுத்து வந்து அங்கே சிறிய கீறல் போட்டு எடுக்க ஒரு சர்ஜன் பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும்.

எந்த வழியில் எடுத்தாலும் சரி, கத்தி வைப்பதற்கு முன் மேஜையில் படுக்க வைத்த நிலையிலேயே மறுபடி ஒரு படம் எடுங்கள். காலையில் எடுத்த எக்ஸ்ரேயை நம்பி மார்பைத் திறந்த பிறகு குண்டு அங்கே இல்லை என்று தெரிவது நோயாளிக்குச் செய்யும் பெரிய தீங்கு. நோயாளியைப் பக்கவாட்டில் திருப்பினால், திருப்பிய பிறகு இன்னொரு படம். சி-ஆர்மை அறைக்குள் கொண்டுவராமல் இந்த அறுவை சிகிச்சையைத் தொடங்கவே கூடாது என்பேன்.

எடுத்த குண்டை என்ன செய்வது

அது சாட்சி. பல் வைத்த இரும்புக் கருவியால் பிடித்தால் துப்பாக்கிக் குழலின் வரிகள் அழியும். விரலாலோ ரப்பர் மாட்டிய முனையாலோ எடுங்கள். உலோகக் கிண்ணத்தில் டங்கென்று போடாமல் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, பெயர், தேதி, நேரம், எடுத்த இடம் எழுதி, சீல் வைத்து, கையெழுத்து வாங்கிப் போலீஸிடம் கொடுங்கள். தமிழ்நாட்டில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவிலும், இலங்கையில் சட்ட வைத்திய அதிகாரிக்குப் போகும் அறிக்கையிலும், குண்டு நுழைந்த இடமும் கிடைத்த இடமும் தனித்தனியாக இருக்க வேண்டும். வயிற்றில் சுடப்பட்டவருக்குத் தொடையில் குண்டு கிடைத்தது என்று மட்டும் எழுதினால் நீதிமன்றத்தில் இரண்டு முறை சுட்டதாகவே அர்த்தமாகிவிடும். பிரேதப் பரிசோதனையிலும் இப்படித்தான், குண்டு கிடைக்கவில்லையென்றால் மேலும் வெட்டிக்கொண்டே போகாமல் முதலில் முழு உடலையும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

உடம்புக்குள் துண்டுகளோடு வாழ்கிறவர்களுக்கு

2009-ல் போர் முடிந்த பிறகும் வன்னியில், யாழ்ப்பாணத்தில், கிழக்கில், புலம்பெயர்ந்த நாடுகளில் எத்தனையோ பேர் செல் துண்டுகளையும் சன்னங்களையும் (துப்பாக்கிக் குண்டுகளையும்) உடம்பில் சுமந்துகொண்டு வாழ்கிறார்கள். பயப்பட வேண்டாம், தசைக்குள் ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருக்கும் துண்டு பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும், ரத்தக்குழாய்க்குள் விழுவது மிக அரிது. ஆனால் சிலவற்றைச் செய்து வையுங்கள். துண்டுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று காட்டும் எக்ஸ்ரேயை ஃபோனிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள், புதுப் படம் எடுக்கும்போது பழையதோடு ஒப்பிட அதுதான் வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் உள்ளே துண்டு இருக்கிறது என்பதை எழுதிக் கொடுக்கும் மருத்துவரிடமும் ஸ்கேன் அறையிலும் இரண்டு இடத்திலும் சொல்லுங்கள். கண்ணுக்கு அருகில் காயம் பட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். மூட்டுக்குள் ஈயக்குண்டு இருந்தால் மூட்டு நீர் ஈயத்தைக் கரைத்து ரத்தத்தில் கலக்கும், காரணம் தெரியாத சோர்வு, வயிற்றுவலி, ரத்தசோகை வந்தால் ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கக் கேளுங்கள்.

கால் அல்லது கை திடீரென்று சில்லிட்டு வலித்தால், ஒரு பக்கம் விழுந்தால், பேச்சு குழறினால், காரணமில்லாமல் நெஞ்சு வலியோ படபடப்போ இருமலில் ரத்தமோ வந்தால், விடாத காய்ச்சல் அடித்தால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். போனதும் முதல் வாக்கியமாக "எனக்கு உடம்பில் செல் துண்டு இருக்கிறது, பழைய எக்ஸ்ரே இதோ" என்று சொல்லுங்கள். காயம் ஆறிப் பல வருடமான உடம்பைப் பார்க்கும் இளம் மருத்துவருக்கு, நீங்கள் சொல்லாவிட்டால் அது தோன்றாது.